நூற்றுப் பதினேழாம் பக்கம்

மண்டபம் ஐஸ் கம்பெனியில் எனக்கு இராவேலை.
இரண்டு மணிக்கு இயந்திரம் கொஞ்சம் மூச்சுவிடும்.
மூன்றேகாலுக்கு முதல் வண்டி வரும்.
இடையில் கிடக்கிற எழுபத்தைந்து நிமிடம்தான்
என் எழுத்து வாழ்க்கை.

பில் புத்தகத்தின் முதுகில் எழுதுவேன்.
கதாநாயகன் கல்யாணம் பண்ணிக்கொள்கிற தாளைத் திருப்பினால்
‘நாற்பது பார், பாக்கி’ என்று இருக்கும்.
கல்யாணம் முடிந்து மூன்று வருஷம்,
அந்தப் பாக்கி இன்னும் வரவில்லை.

தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் சும்மா கிடக்கும்,
எனக்குப் பாதிச் சம்பளம்.
அறுபத்தொரு நாள், இன்னொரு அறுபத்தொரு நாள்,
ஆகமொத்தம் ஒரு நாவல்.
ஐம்பதாயிரம் சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கையில் விழுந்தது முப்பத்தொன்பது.
ரகுமத் நிஷா ஒன்றும் சொல்லவில்லை.
கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேராக
வெண்கலச் சட்டியைத் தேடி எடுத்து வைத்தாள்,
பிளாஸ்டிக் வாளி பக்கத்திலேயே இருக்க.

தூத்துக்குடியில் நண்டு இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியில்
முன்னூறு பிரதி வந்தது.
புதுப் புத்தகத்துக்கு ஒரு வாசனை உண்டென்பார்கள்.
இருக்கலாம்.
பதிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர்,
விற்பனை உரிமையும் எனக்கே,
கட்டிலுக்கு அடியில் கிட்டங்கி.
உப்புக்காற்றில் அட்டைகள் மெல்ல வளைந்து
இராத்திரி வாய் திறக்கின்றன.

“கதையெல்லாம் எங்கேருந்து வருது?”
டீக்கடை இபுறாம்சா கேட்டார், நக்கலாகத்தான்.

வேதாளைக் கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்பு,
உள்ளங்கால் பதிகிற இடத்தில் சிங்கள எழுத்து.
புதுப் பெயின்டுக்கு அடியில்
பழைய பெண்பெயர் எட்டிப் பார்க்கிற படகு.
வலை கிழிந்ததைச் சொல்லாமல்
“நல்ல பாடு, தூங்கு” என்று
போனில் மனைவியை ஆற்றிய டிரைவர் சவேரியான்.
மீன் விழுந்தாலும் பாடு, மனிதன் பட்டாலும் பாடு.
அந்த ஒரு சொல்லுக்காக இருபத்தெட்டுப் பக்கம் எழுதி
பதினாறைக் கிழித்தேன்.

“சும்மா வருது பாய்” என்றேன்.
கணக்கில் எழுதாமல் ஒரு டீ கொடுத்தார்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் பூமயில் வந்தாள்.
பாசி எடுக்கிறவள்.
விரல்களில் சுற்றிய துணி ஈரமாக இருந்தது.
புத்தகத்தை என்முன் வைத்து
நூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தாள்.
எழுத்துக் கூட்டிப் படித்து
நாலு மாதத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.
‘ஆனி மாத வாடைக்காற்று அவனைக் கொண்டுபோயிற்று’
என்பதில் வாடையை அடித்து
மேலே கோணலாக எழுதியிருந்தாள்: கச்சான்.

“ஆனியில ஏது வாடை?
ஐஸ் கம்பெனிக்குள்ளயே இருந்தா
எல்லாக் காத்தும் குளிரத்தான் செய்யும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“வாடைன்னா வெளியே தள்ளும், சரி.
கச்சான் கரைக்குத்தான் கொண்டாரும்.
எங்க வீட்டாளு மூணாம் நாள் வந்து சேர்ந்தாரு,
சட்டைப் பித்தான் போட்டபடியே.
உங்க ஆள மட்டும் ஏன் கரைக்கு விடல?”

நூற்றி எண்பது ரூபாயைத் திருப்பித் தரவா என்றேன்.
முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
“மிச்சத்தையும் படிக்கணும்ல” என்று
புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்றிரவு பிரதிகளை மூட்டையாக வேலைக்குக் கொண்டுபோனேன்.
நீல மையில் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினேன்.
அச்சகத்துக்கு எழுத வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம்,
சொந்தப் பதிப்பில் இந்தச் சுகம் உண்டு.
முதல் ஐம்பது வரை முத்து முத்தாக,
அப்புறம் கை விறைத்து, கச்சான் கிறுக்கலாகி.
விற்றுப்போனவற்றில் பூமயிலுடையது நீங்க
எண்பத்தெட்டு வீடுகளில்
ஆனியிலும் வாடை அடித்துக்கொண்டிருக்கும்,
யாராவது அந்தப் பக்கம் வரை போயிருந்தால்.

மூன்றேகால் வண்டி ஹாரன் அடித்தது.
இருநூற்றுப் பதினோரு பிரதியிலும் காற்று திரும்பிவிட்டது.
நூற்றுப் பதினெட்டில் அவன் மனைவி
இன்னும் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
பித்தான் போட்ட சட்டை
எந்தப் பக்கத்தில் கரை ஒதுங்கும் என்று
எனக்கே தெரியவில்லை.